பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே குப்பை மேடு: உள்ளாட்சி எதுவரை கை வைக்க முடியும்?

மாடிப்படி கேட்கிறார்:

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் இறந்துவிட்டார், பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள் என்பது வரைதான் தெருவில் தெரியும். முதலில் முற்றத்தில் புல் வளர்ந்தது. அதோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்து எழுதியிருக்க மாட்டேன். ஆளில்லாத இடம் என்று தெரிந்ததும் கண்டவர்களும் வந்து கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது உள்ளே பழைய டயர்கள், மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி, கிழிந்த மெத்தை, கதவோடு ஒரு பழைய பிரிட்ஜ், எங்கேயோ இடித்த கட்டடத்தின் செங்கல், சிமெண்டுக் கட்டிகள். பின்சுவர் எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. எலி சமையலறைவரை வருகிறது.

உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ஒருவர் வந்தார். தெருவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ‘தனியார் இடம், நாங்கள் கை வைக்க முடியாது’ என்று சொல்லிப் போய்விட்டார். மறுபடி போய்க் கேட்டால் ‘நோட்டீஸ் அனுப்பியாச்சு’ என்கிறார்கள். யாருக்கு? ‘உரிமையாளருக்கு.’ அவர்தான் செத்துப்போய்விட்டாரே!

எந்த ஊர், எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சட்டப் பிரிவு எண் இடத்துக்கு இடம் மாறும், இங்கே பல நாட்டில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது, இந்த வேலை உள்ளே எப்படி நகர்கிறது என்பது. தனியார் இடத்துக்குள் போய்ச் சுத்தம் செய்ய அவர்களுக்கு உண்மையிலேயே அதிகாரம் கிடையாதா? செலவு யார் தலையில் விழும்? பேசாமல் நானே ஆள் வைத்து அள்ளிவிட்டால் என்ன?

ரயில்பூச்சி:

எதுவும் நடக்காது நண்பரே. நோட்டீஸ் என்பது அலுவலகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அனுப்புவது. உங்கள் வீட்டில் எலிப்பொறி வையுங்கள், பின்பக்க ஜன்னலுக்கு வலை அடியுங்கள், வேலையைப் பாருங்கள்.

கோப்புக்கட்டு:

சுகாதார ஆய்வாளராக உள்ளாட்சியில் சேர்ந்து, கடைசியில் நோட்டீஸ் பிரிவைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ரயில்பூச்சியின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நோட்டீஸைப் பற்றி அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. இந்த விவகாரத்தில் எல்லாமே நோட்டீஸில்தான் நிற்கிறது, விழுவதும் அங்கேதான்.

‘தனியார் இடம், கை வைக்க முடியாது’ என்று உங்களிடம் சொன்னவர் பாதி வாக்கியம்தான் சொன்னார். ‘முறையாக நோட்டீஸ் கொடுத்து, கெடு முடிந்து, உத்தரவு போடாமல் கை வைக்க முடியாது’ என்பது முழு வாக்கியம். பின்பாதியைச் சொன்னால் வேலை வந்துவிடும் என்பதால் முன்பாதியோடு நிறுத்திக்கொள்வது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம்.

பெரும்பாலான நாடுகளில் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். ஆய்வு, நோட்டீஸ், கெடு, மறு ஆய்வு. அதற்கும் அசையாவிட்டால் ஒன்று வழக்கும் அபராதமும். இல்லையென்றால் உள்ளாட்சியே ஆள் விட்டுச் சுத்தம் செய்து, அந்தச் செலவைச் சொத்தின் மேல் பாக்கியாக ஏற்றுவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அபராதம் குப்பையை அள்ளாது, இறந்தவர் பேரில் அபராதம் போட்டால் கட்டவும் ஆளில்லை. அதனால் மனுவில் ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ‘நோட்டீஸ் கெடு முடிந்தபின் உள்ளாட்சியே அகற்றிச் செலவைச் சொத்தில் வசூலிக்க வேண்டும்’ என்று எழுதிக் கேளுங்கள். கேட்காததை யாரும் செய்யமாட்டார்கள்.

அடுத்தது, முதல் புகாரில் என்ன எழுதினீர்கள்? எங்களுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ‘பார்க்கவே சகிக்கவில்லை’ என்றுதான் தொடங்கும். அசிங்கத்துக்கு அவசரம் கிடையாது, ஆபத்துக்குத்தான் உண்டு. நீங்கள் இங்கே ஆபத்துகளை நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஒரே மூச்சில். பிரித்து எழுதுங்கள். டயரும் தொட்டியும் எலியும் சுகாதாரப் பிரிவு. சாய்ந்த சுவர் கட்டடப் பிரிவு. வந்து கொட்டுகிறவர்கள் குப்பைப் பிரிவு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் போட்டால் மூன்று மேசையும் ஒன்றையொன்று கைகாட்டும். மூன்று மனு, மூன்று ஒப்புகை எண்.

பிரிட்ஜைத் தனியாகக் குறிப்பிடுங்கள், அதுவும் கதவோடு இருக்கிறது என்று. பழைய தாழ்ப்பாள் வகை உள்ளே இருந்து திறக்காது. தூக்கிப் போட்ட பிரிட்ஜில் குழந்தைகள் ஒளிந்து விளையாடி மூச்சுமுட்டி இறந்ததால்தான், உள்ளிருந்து திறக்கும்படி கதவு செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் தனிச் சட்டமே போட்டார்கள். காந்தப் பட்டை வைத்த கதவானாலும் திறந்த வெளியில் அதை விட்டுவைக்கக் கூடாது. இந்த ஒரு வரியைப் படித்த அதிகாரி கோப்பை அடியில் செருகத் தயங்குவார்.

டயருக்கும் அதே மாதிரிதான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரியும். டயரை எப்படிப் புரட்டினாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கும். ஆகவே ‘மருந்து அடித்துவிட்டோம்’ என்று பதில் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், டயர் அங்கிருந்து போக வேண்டும். கொசு விஷயத்தில் பல நாடுகள் உள்ளே நுழையும் அதிகாரத்தைத் தாராளமாகவே கொடுத்திருக்கின்றன. சிங்கப்பூரில் கொசு உற்பத்தியாகிறதா என்று பார்க்க வீட்டுக்குள் போகும் அதிகாரம் தேசியச் சுற்றுச்சூழல் முகமைக்கு உண்டு.

தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போனவர் மேல் உங்களுக்குக் கோபம். நியாயம்தான், ஆனாலும் பூட்டிய வாசலைத் தாண்ட அவருக்கும் தனி அதிகாரம் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் வீட்டு ஆய்வாளரை உள்ளே விட மறுத்தார். அந்தக் கமாரா வழக்கில் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவசர நிலை இல்லாதபோது குடியிருப்பவர் மறுத்தால் வாரண்டு வாங்கித்தான் போக வேண்டும் என்றது. வேறு நாடுகளிலும் இந்த எச்சரிக்கை ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ஆனால் உங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிறதைப் பார்க்க எவர் அனுமதியும் வேண்டாம். அடுத்த முறை ஆய்வாளர் வந்தால் தெருவில் நிற்க விடாதீர்கள், மாடிக்கு அழைத்துப் போங்கள். டயர், தொட்டி, சுவர் எல்லாம் அங்கிருந்து தெரியுமென்றால் அவருடைய ஆய்வறிக்கை அங்கேயே எழுதி முடிந்துவிடும்.

இப்போது அந்தச் செத்தவர் பேருக்குப் போன நோட்டீஸ். அது போனதும் ஒன்று, போகாததும் ஒன்று. அதை வைத்துக்கொண்டு உள்ளே இறங்கினால் நாளைக்கு ஒரு வாரிசு நீதிமன்றத்தில் நின்று ‘எனக்குத் தெரிவித்தீர்களா’ என்று கேட்பார், உள்ளாட்சி கைகட்டி நிற்கும். அமெரிக்காவில் ஒரு வீட்டை வரி பாக்கிக்காக விற்றார்கள். அனுப்பிய பதிவுத் தபால் யாரும் வாங்காமல் திரும்பியிருந்தது. 2006-இல் ஜோன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தபால் திரும்பிவிட்டது என்று தெரிந்த பிறகு சும்மா இருந்தது தவறு என்றது. சாதாரணத் தபால் அனுப்பியிருக்கலாம், கதவில் ஒட்டியிருக்கலாம் என்றது. இதெல்லாம் தெரிந்த அதிகாரி பயப்படுவார், அந்தப் பயம்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது சோம்பல் மாதிரித் தெரிகிறது. (சோம்பலும் உண்டு. அதை மறைக்கவில்லை.)

ஆக, நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வாரிசைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. சொத்துவரி யார் பேரில் கட்டப்படுகிறது, பத்திரப் பதிவில் கடைசிப் பெயர் என்ன, அந்த வீட்டுத் துக்கத்துக்கு வந்த உறவினர் யாரிடமாவது தொலைபேசி எண் இருக்கிறதா? ஒரு வாரிசின் முகவரி கிடைத்தாலும் கோப்பு உயிர் பெறும். கிடைக்கவே இல்லையென்றால், ‘உரிமையாளர் அல்லது இடத்தை அனுபவித்து வருபவர்’ என்று எழுதி வாசலில் ஒட்டிப் படம் எடுத்துக் கோப்பில் வைக்கப் பல சட்டங்களில் வழி இருக்கிறது. ‘ஒட்டினீர்களா, படம் இருக்கிறதா’ என்று கேளுங்கள்.

கடைசியில் பணம். மற்ற எல்லாத் தடையையும்விடப் பெரியது இது. ஆள், லாரி, கொட்டும் இடத்துக்கான கட்டணம் எல்லாம் உள்ளாட்சி முன்பணமாகப் போட வேண்டும். அந்த வீடு என்றைக்காவது கைமாறும்போதுதான் திரும்பி வரும். அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு சின்னதாக இருக்கும், ஆண்டு பாதியிலேயே தீர்ந்துவிடும். எனவே நிதியாண்டின் தொடக்கத்தில் கெடு முடிகிற கோப்புக்கு அதிர்ஷ்டம் அதிகம். பணமில்லை என்ற பதிலைச் சட்டம் ஏற்றுக்கொள்ளாத இடங்களும் உண்டு. இந்தியாவில் 1980-இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் சாக்கடை நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி நிதி இல்லை என்றது. நீதிபதி கிருஷ்ண ஐயர் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு அந்தச் சாக்கை ஏற்கவில்லை. அவர்கள் போன வழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடுவது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தீர்ப்பை நீட்டுவதற்கு முன் ‘இந்தத் தலைப்பில் இந்த ஆண்டு எவ்வளவு மீதி’ என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கே கொஞ்சம் அசைவு வரும்.

நீங்களே ஆள் வைத்து அள்ள வேண்டாம். வாரிசு வந்து ‘அதில் என் அப்பாவின் தேக்குப் பலகை இருந்தது’ என்றால் என்ன சொல்வீர்கள்? சுவர் அந்த ஆள் மேல் விழுந்தால் பொறுப்பு யாருடையது? போட்ட பணமும் திரும்பாது.

பனிமூட்டம்:

இங்கிலாந்தில் இருக்கிறேன், உள்ளாட்சியில் வேலை இல்லை, ஆனால் எங்கள் தெருச் சங்கத்துக்காக இதைப் படித்திருக்கிறேன். அசிங்கத்துக்கு அவசரம் கிடையாது என்று சார் சொன்னது சரிதான், ஆனால் இங்கே அசிங்கமே ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. 1990-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 215-ஆம் பிரிவு. ஒரு இடத்தின் நிலை அக்கம்பக்கத்தின் தோற்றத்தையும் சூழலையும் கெடுத்தால் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். எந்தெந்த வேலை, எத்தனை நாளில் என்று அதில் குறிப்பிட வேண்டும். நோட்டீஸ் நடைமுறைக்கு வர குறைந்தது 28 நாள், அதற்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸில் சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் குற்றம், அதோடு கவுன்சிலே உள்ளே போய் வேலையை முடித்துச் செலவை வசூலிக்கலாம்.

ஆனால் இதெல்லாம் ‘செய்யலாம்’தான், ‘செய்தே தீர வேண்டும்’ இல்லை. ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு கவுன்சில் சுறுசுறுப்பாக இருக்கும், பக்கத்துக் கவுன்சில் தூங்கும்.

ஐந்தில்ஒன்று:

நான் மறுபக்கத்து ஆள், நோட்டீஸ் வாங்கியவன். அப்பா விட்டுப் போன வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் வாரிசு. ஒருவர் விற்கலாம் என்பார், ஒருவர் அப்பா வாழ்ந்த இடம் என்பார், ஒருவர் தொலைபேசியே எடுக்கமாட்டார். நோட்டீஸ் எனக்கு மட்டும் வந்தது, என் முகவரிதான் அவர்களுக்குக் கிடைத்தது. கொட்டியது ஊரார், அள்ள வேண்டியது நான், பங்கு ஐந்தில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு நாங்கள் பொறுப்பில்லாத பணக்காரர்கள். அங்கே போய்வரும் செலவுக்கே யோசிக்கிற ஆட்கள் நாங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சில சமயம் சட்டமே வீட்டை இப்படி விட்டுவைக்கச் சொல்கிறது. ஜப்பானில் வீடு நிற்கிற மனைக்கு நில வரிச் சலுகை உண்டு. சிறிய மனையென்றால் வரிக்கான மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவார்கள். இடித்தால் சலுகை போய்விடும். அதனால் இடிந்து விழுகிற வீட்டையும் யாரும் தொடவில்லை. 2023 கணக்கெடுப்பில் அங்கே ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். 2014-இல் போட்ட காலி வீட்டுச் சட்டத்தின்படி, ஆபத்தான வீடு என்று குறிக்கப்பட்டுப் பரிந்துரை வந்தபிறகும் திருத்தாவிட்டால் அந்தச் சலுகை ரத்து. 2023 திருத்தத்தில், அந்த நிலைக்குப் போகப்போகிற வீடுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அபராதத்தைவிட இது சுருக்கென்று குத்தும்.

கோப்புக்கட்டு சாரிடம் ஒரு கேள்வி. செலவைச் சொத்தின் மேல் ஏற்றுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். குப்பை அள்ளிய செலவுக்காக முழு வீட்டையும் எடுத்துக்கொண்டால்?

கோப்புக்கட்டு:

நல்ல கேள்வி. அப்படி நடந்தும் இருக்கிறது, குப்பைக்கு இல்லை, வரி பாக்கிக்கு. மினசோட்டாவில் வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 டாலர் பாக்கி என்று ஒரு வயதான அம்மாவின் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மொத்தத்தையும் உள்ளாட்சியே வைத்துக்கொண்டது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த அம்மா பக்கம் நின்றது. பாக்கிக்கு மேல் இருப்பதைப் பிடித்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். எனக்கு அதில் முழுச் சம்மதம். உள்ளாட்சிக்குச் சேர வேண்டியது செலவுதான், வீடு இல்லை.

உங்களுக்கு யோசனை ஒன்று. ஐந்து பேரும் ஒத்துவர வேண்டும் என்று காத்திருக்காமல், நோட்டீஸ் வந்த கெடுவுக்குள் ஒரு கடிதம் போடுங்கள். மற்ற நான்கு பேரின் முகவரியும், எந்தத் தேதிக்குள் எதை அகற்றுவீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். பதில் போட்டவருக்குக் கெடு நீட்டாத அலுவலகம் குறைவு. எங்கள் பிரிவில் கடுமையாகப் போன கோப்புகள் எல்லாம் பதிலே வராத கோப்புகள். செலவு செய்தால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வீடு விற்கும்போது மற்றவர் பங்கிலிருந்து கேட்க அதுதான் ஆதாரம்.

குறுக்குத்தெரு:

இதுவரை எல்லோரும் பூட்டிய வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆள் உள்ளேயே குடியிருந்து, பழைய பேப்பர், பாட்டில், சாமான் என்று கூரைவரை அடுக்கி வைத்திருந்தால்? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படித்தான். எலி, நாற்றம், தீப்பிடித்தால் மொத்த வரிசையும் போகும். அதற்கும் இதே நோட்டீஸ்தானா?

கோப்புக்கட்டு:

காகிதத்தில் அதே நோட்டீஸ்தான், ஆனால் அதை மட்டும் நம்பினால் வீண். பொருளைத் தூக்கிப் போட முடியாமல் தவிப்பது ஒரு நோயாகவே இருக்கலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013 பதிப்பில் இதற்குத் தனிப் பெயரே கொடுத்துவிட்டது. நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு வீட்டைக் கெடு முடிந்ததும் லாரி வைத்துக் காலி செய்தோம். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துக் காட்டச் சொன்னார். ஒரே ஆண்டில் வீடு பழையபடி நிறைந்துவிட்டது. பிறகு வந்த மருத்துவச் சமூகப் பணியாளர் ஒருவர் கதவு, அடுப்பு, படுக்கை, இந்த மூன்றுக்கும் வழி விடுங்கள் என்று அதிலிருந்து தொடங்கினார். அது மெதுவாக ஓடியது, ஆனால் ஓடியது. தீயணைப்புத் துறையை அழைத்து வழியைப் பற்றி மட்டும் பேச வைத்துப் பாருங்கள். ‘குப்பை’ என்ற சொல்லை அந்த வாசலில் யாரும் சொல்ல வேண்டாம்.

மாடிப்படி:

கோப்புக்கட்டு ஐயாவுக்கு நன்றி. ஐந்தில்ஒன்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் இறங்கியது. விசாரித்ததில் மூத்த மகளின் முகவரி கிடைத்திருக்கிறது. மனுவோடு அதையும் இணைக்கவா, அல்லது முதலில் நானே அவருக்கு எழுதவா? சுவருக்கும் சேர்த்துக் கெடு எவ்வளவு கேட்கலாம்?

கோப்புக்கட்டு:

முதலில் நீங்களே எழுதுங்கள், மாடியிலிருந்து எடுத்த படங்களோடு. பல பேருக்கு வீடு எப்படிக் கிடக்கிறது என்றே தெரியாது. அதற்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும். கெடுவை நிர்ணயிப்பது அவர்கள் வேலை. நீங்கள் கேட்க வேண்டியது மறு ஆய்வு எந்தத் தேதி என்பது. அந்தத் தேதி எழுதாத நோட்டீஸ் கெடு முடிந்தாலும் அப்படியே கிடக்கும்.

சுவர் மட்டும் இந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விழும் நிலையில் இருக்கிற கட்டடத்துக்குப் பெரும்பாலும் தனி அவசர அதிகாரம் இருக்கும், நோட்டீஸ் கெடுவெல்லாம் இல்லாமலே முட்டுக்கொடுக்கவோ இடிக்கவோ செய்யலாம். அந்த மனுவைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதுவரை அந்தச் சுவரோரம் யாரையும் நடமாட விடாதீர்கள்.